கீச், டொக், ஊங்: ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவின் சத்தங்கள்

வண்டி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஐந்து சத்தம் எண்ணிவிட்டேன். விற்றவரைக் குறை சொல்ல முடியாது. "பழைய ஃபோர் வீல் டிரைவ்னா சத்தம் இருக்கத்தான் செய்யும். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வெச்சுக்கங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். ரேடியோ பாடாது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

இருபது வயதைத் தாண்டிய டீசல் வண்டி. ஏணி மாதிரி சேஸிஸ். முன்னும் பின்னும் ஒரே குழாயாக ஓடும் ஆக்ஸில். நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும்தான் தள்ளும். கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரை மாற்றினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அதற்கு முன்னால் இறங்கிப் போய் முன் சக்கரங்களின் நடுக்குடமான ஹப் இரண்டையும் கையால் திருப்பி 'லாக்' செய்ய வேண்டும். வேலை முடிந்தால் மறுபடி 'ஃப்ரீ'. புது வண்டிகளில் இந்தச் சிரமம் பெரும்பாலும் இல்லை. ஆனால் சத்தம் தேடுகிறவனுக்கு இதைவிட வசதி கிடையாது. லீவர் டூ வீலிலும் ஹப் ஃப்ரீயிலும் இருந்தால் முன் டிஃபரன்ஷியலும் (ஆக்ஸிலின் நடுவில் இருந்து இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்டும் சுற்றுவதே இல்லை. வண்டியின் ஒரு பாதியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

முதல் இரண்டு நாள் ஸ்பேனரைத் தொடவில்லை. ஓட்டினேன், அக்கா மகன் பக்கத்து சீட்டில் நோட்டோடு உட்கார்ந்தான். அவனுக்கு வண்டி வேலை தெரியாது, ஆனால் காது என்னுடையதைவிட இளசு. நோட்டில் ஏறியவை இவை. நடை வேகத்தில் 'கீச் கீச்', கொஞ்சம் வேகம் பிடித்தால் காணோம். முதல் கியரிலிருந்து ரிவர்சுக்கு மாற்றிக் கிளட்சை விட்டால் 'டொக்'. நிற்கும்போதும் ஒரு 'டொக்'. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினில் 'டிக் டிக்'. நாலு சக்கரமும் இழுக்கும்போது மேட்டில் முன்பக்கம் 'கடகட'. ஐம்பதைத் தாண்டினால் தொடர்ச்சியாக ஒரு 'ஊங்'.

"எங்கிருந்து வருதுன்னு எழுதட்டுமா மாமா?" என்றான். வேண்டாம் என்றேன். இரும்புச் சேஸிஸ் ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் கேட்கும். பின் ஆக்ஸிலில் பிறந்த முனகல் டாஷ்போர்டு வழியாக வந்து காதைத் தொடும். எங்கே என்ற கேள்விக்குக் காது சொல்லும் பதிலை நம்பக்கூடாது (இதை அன்றைக்கு அவ்வளவு பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு, மூன்று வாரம் கழித்து நானே நம்பி ஏமாந்தேன், அது பின்னால் வரும்). அதற்குப் பதிலாக ஒவ்வொரு சத்தத்துக்கும் நேரே ஒரு கட்டம் போட்டு, 'எப்போது கேட்கவில்லை?' என்று எழுதச் சொன்னேன். கிளட்சை மிதித்தால் நிற்கிறதா? நியூட்ரலில் உருளவிட்டால் நிற்கிறதா? ஹப் ஃப்ரீயில் நிற்கிறதா? இந்தப் பக்கம் திரும்பினால் அடங்குகிறதா? எதை நிறுத்தினால் சத்தம் நிற்கிறதோ, அதோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்றுதான் குற்றவாளி.

அப்புறம் ஆயில். பழைய வண்டி கைக்கு வந்தால் எல்லா ஆயிலையும் பார்ப்பது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. ஒரு எச்சரிக்கை: டிஃபரன்ஷியலில் கீழே இருக்கும் டிரெய்ன் பிளக்கைக் கழற்றும் முன் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பழைய ஆயிலை எல்லாம் வடித்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால், வண்டி அந்த இடத்திலேயே உட்கார வேண்டியதுதான். என் வண்டியில் அந்தப் பிளக்குக்கு ஒரு அடி நீளக் கைப்பிடியும் அதன் மேல் ஒரு குழாயும் தேவைப்பட்டன.

பின் டிஃபரன்ஷியலில் ஆயில் ஃபில்லர் துளைக்கு ஒரு விரல் கீழே இருந்தது. துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். டிரெய்ன் பிளக்கில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தேன். நைசாக, மை மாதிரி இருந்தது. அது வயதுக்கு வரும் தேய்மானம், கவலையில்லை. விரலில் நெருடினாலோ, கண்ணுக்குத் தெரியும் சில்லு கிடந்தாலோதான் உள்ளே பல் உடைகிறது என்று அர்த்தம். ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 ஆயில் ஊற்றினேன். கியர்பாக்ஸுக்கு மட்டும் அதே டப்பாவிலிருந்து ஊற்றவில்லை. கியர் விழும்போது வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ளே இருக்கும் பழைய பெட்டிகளுக்கு ஜிஎல்-4 கேட்பார்கள், ஜிஎல்-5இல் இருக்கும் சேர்மானங்கள் சில பித்தளையை அரிக்கும். வண்டியின் கையேடு சொல்வதுதான் முடிவு.

ஆயில் மாற்றியதில் ஒரு சத்தம்கூடக் குறையவில்லை.

முதலில் 'கீச்'சை எடுத்தோம், அது எளிதாகத் தெரிந்ததால். ஹப் ஃப்ரீயில் இருக்கும்போதும் கேட்கிறது, ஆகவே முன்பக்க ஷாஃப்ட் இல்லை. மிச்சம் இருப்பது சக்கரத்தோடு சுற்றுகிறதா, பின் ஷாஃப்டோடு சுற்றுகிறதா என்பதுதான். பின் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். வண்டியை நடை வேகத்தில் உருட்ட, அவன் பக்கத்திலேயே நடந்து கோடு கீழே வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று கத்தினான். நான் உள்ளே 'கீச்'சை எண்ணினேன். சக்கரம் பத்துச் சுற்று சுற்றியதற்குக் கீச் நாற்பத்தொன்று. இரண்டாம் முறையும் நாற்பத்தொன்று.

சக்கரத்தில் இருக்கும் கோளாறு என்றால் பத்துதான் வந்திருக்க வேண்டும். நாற்பத்தொன்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுத் தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றினேன். ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றது இரண்டு சுற்று சுற்றினால் உள்ளே கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அந்த நேரத்தில் ஷாஃப்ட் நாலு சுற்றும் மேலே கொஞ்சமும் திரும்பியது. 4.1 விகிதம். பத்துக்கு நாற்பத்தொன்று. ஷாஃப்டோடு சேர்ந்து, சுற்றுக்கு ஒரு தடவை கீச்சிடுகிறது. ஷாஃப்டின் முனையில் மடங்கிக் கொடுக்கும் கிராஸ் ஜாயின்ட்தான்.

கீழே படுத்துப் பார்த்தால் கதை முழுக்க எழுதி வைத்திருந்தது. டிஃபரன்ஷியல் பக்கக் கிராஸில் கிரீஸ் பிதுங்கி வழிந்திருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) பக்கக் கிராஸில் கப்புகளைச் சுற்றிச் செம்மண் தூவிய மாதிரி சிவப்புத் துரு. அதன் கிரீஸ் நிப்பிள் மேல் பார்த்து, சேஸிஸின் குறுக்குச் சட்டத்துக்கு ஒட்டினாற்போல் மறைந்திருந்தது. வண்டியைக் கொஞ்சம் உருட்டி ஷாஃப்டைக் கால் சுற்று திருப்பினால்தான் கிரீஸ் கன் வாய் நுழையும். யாரோ பல வருஷமாக எட்டின நிப்பிளுக்கு மட்டும் கிரீஸ் அடித்துவிட்டு எட்டாததை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் சக்கரங்களுக்கு மறுபடி கட்டை. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஒரு டிரம்மில் இருக்கிறது. ஷாஃப்ட் கையோடு வந்துவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் போச்சு, கியரில் போட்டு நிறுத்துவதும் போச்சு. சரிவில் இருந்தால் வண்டி தானாகக் கிளம்பிவிடும், நீங்கள் அதன் அடியில் படுத்திருப்பீர்கள்.

பழைய கிராஸின் காலில் நகத்தை ஓட்டினால் ஊசி பேரிங் அழுத்திய வரிவரியான பள்ளம் ஒவ்வொன்றும் நகத்தில் தட்டியது. புதுக் கிராஸை வைஸில் வைத்து இறுக்கினேன். மூன்று கப் ஒழுங்காக உட்கார்ந்தது. நாலாவதில் கப்பை வெளியே வராமல் பிடிக்கும் சர்க்கிளிப் ஒரு மயிரிழைக்குப் பொருந்தவில்லை. சுத்தியலைக் கையில் எடுத்தே விட்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, கப்பைத் திரும்ப வெளியே எடுத்தேன். உள்ளே ஒரு ஊசி சாய்ந்து, கப்பின் அடியில் குறுக்கே படுத்திருந்தது. அடித்து இறக்கியிருந்தால் புதுக் கிராஸ் அன்றைக்கே போயிருக்கும். சர்க்கிளிப் விரலால் தள்ளினால் போக வேண்டும். போகவில்லை என்றால் அடியில் ஏதோ கிடக்கிறது.

கீச் நின்றது. 'டொக்' பாதியானது.

பாதியானதுதான் குழப்பம். இலக்கணத்தில் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று படித்திருக்கிறோம். இந்த வண்டியின் 'டொக் டொக்'கோ பிரித்தால்தான் பொருள் தந்தது. கியர் மாற்றும்போது வந்த டொக் நன்றாகக் குறைந்துவிட்டது. வண்டி நின்று, ஒரு மூச்சு விட்டபின் வரும் டொக் அப்படியே இருந்தது. இரண்டையும் ஒரே வரியில் எழுதியது எங்கள் தப்பு. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு இரண்டாகப் பிரித்தோம்.

முதலில் ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் பார்த்தேன்; ஒன்று கால் சுற்று இறுகியது, சத்தத்தில் மாற்றமில்லை. அப்புறம்தான் ஷாஃப்டின் நடுவில் இருக்கும் ஸ்லிப் ஜாயின்ட் ஞாபகம் வந்தது. ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும். அதற்காக ஒரு குழாய்க்குள் இன்னொன்று பல்வரிசையில் வழுக்கிப் போகும். பிரேக் பிடிக்கும்போது பட்டை ஸ்பிரிங் முறுகி ஆக்ஸில் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். நின்றதும் முறுக்கு விடும். பல்வரிசை வறண்டிருந்தால் வழுக்க மாட்டாமல் பிடித்துக்கொண்டு, பாரம் தாங்காத கட்டத்தில் சடாரென்று விடும். அதுதான் ஒரு மூச்சு தாமதம்.

மறுபடி ஷாஃப்டைக் கழற்றி ஸ்லிப்பைப் பிரித்தேன். உள்ளே இருந்த கிரீஸ் தார் மாதிரி கெட்டியாகிவிட்டிருந்தது. கழுவித் துடைத்துத் தரையில் வைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். கிராஸ் மாற்றும்போது நான் பெயின்ட்டில் போட்டு வைத்த அடையாளத்தின்படி இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தால், ஒரு முனையில் கிராஸைப் பிடிக்கும் கவை தரையோடு சமமாகப் படுத்திருக்கிறது, மறுமுனையின் கவை சாய்ந்து நிற்கிறது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மண்ணைச் சுரண்டினால் உலோகத்திலேயே பதித்த இரண்டு அம்புக்குறிகள்; ஒன்றை ஒன்று பார்க்காமல் இரண்டு பல் தள்ளி நின்றன. முன்பு யாரோ தப்பாகக் கோத்திருக்கிறார்கள். நான் அந்தத் தப்பையே பத்திரமாக அடையாளம் போட்டுக் காப்பாற்றியிருக்கிறேன்.

இது ஏன் முக்கியம் என்றால், சாய்வாக இருக்கும் கிராஸ் ஜாயின்ட் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி இரண்டு தடவை குறையும். முன் ஜாயின்ட் செய்யும் இந்தக் கோணலைப் பின் ஜாயின்ட் எதிர்த்திசையில் செய்து சமன் செய்துவிடும், கவைகள் ஒரே வரிசையில் இருந்தால். இல்லாவிட்டால் நடுக்கம் டிஃபரன்ஷியலுக்குப் போகும். அம்புகளைச் சேர்த்துக் கோத்து, கிரீஸ் அடித்து மாட்டினேன். நின்ற பிறகு வரும் டொக் போனது. கூடவே, அறுபதில் தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறும் ஒரு கூச்சமும் போனது. அதை நோட்டில் எழுதவே இல்லை. பழைய வண்டியின் சுபாவம் என்று நினைத்துவிட்டேன். ரேடியோவைக் கூட்டச் சொன்னவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ரிவர்சுக்கு மாற்றும்போது இன்னும் மெல்லிய ஒரு டொக் இருக்கிறது. கியர்பாக்ஸில் கொஞ்சம், டிரான்ஸ்ஃபர் கேஸில் கொஞ்சம், கிரவுனோடு சேரும் சின்னப் பல்சக்கரமான பினியனில் கொஞ்சம் என்று ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி எல்லாம் கூடி வருவது அது. இடைவெளியே இல்லாமல் இருந்தால் பல் சூடாகிக் கருகும். அதை விட்டுவிட்டேன்.

இன்ஜின் 'டிக் டிக்' அரை மணி நேர வேலை. வால்வைத் தள்ளும் டாப்பெட் என்றுதான் முதலில் நினைப்போம். ஆனால் டாப்பெட் இடைவெளி கூடியிருந்தால் சூடான பிறகும் பெரும்பாலும் தட்டிக்கொண்டே இருக்கும். இது ஐந்து நிமிடத்தில் அடங்குகிறது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினேன். மூன்றாவது சிலிண்டர் பக்கம் வந்ததும் காதுக்குள் யாரோ துப்புகிற மாதிரி இருந்தது. டார்ச் அடித்தால் கேஸ்கட் ஓரம் கரி படிந்த தடம். ஒரு நட்டையே காணோம். குளிர்ந்திருக்கும்போது இடைவெளியில் புகை கசிகிறது, சூடேறி இரும்பு விரிந்ததும் அடைத்துக்கொள்கிறது. புது கேஸ்கட், புது நட்டு, முடிந்தது. உலோகத்தில் தட்டும் சத்தத்துக்கு நீள ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக் கேட்பது நல்லது. காற்றுக் கசிவுக்குக் குழாய். இரண்டையும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டால் காது மிஞ்சும்.

'கடகட'வைத் தேடும்போது நடந்த ஒரு கூத்து. ஹப் இரண்டையும் லாக் செய்து, குட்டி லீவரை நாலு சக்கரத்துக்குப் போட்டு, அவசரத்தில் சிமென்ட் தரையிலேயே ஒரு வட்டம் அடித்தேன். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வண்டி பிரேக் பிடித்த மாதிரி முக்கியது. அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். "உடைஞ்சிடுச்சா மாமா?" என்று பையன் பயந்துபோனான். உடையவில்லை. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். இந்த வகை வண்டியில் முன்னையும் பின்னையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறோம், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கிக் கணக்கைச் சரி செய்துகொள்ளும். காய்ந்த கெட்டித் தரையில் வழுக்க முடியாமல் முறுக்கு முழுக்க ஷாஃப்டிலும் பல்லிலும் ஏறும். லீவரும் திரும்ப வராது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் தானாக வரும். இந்தச் சோதனைகளைத் தளர்ந்த மண்ணில்தான் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கைக்கு எட்டிய இடம் சிமென்ட் தரையாக இருந்தது, அவ்வளவுதான்.

மண்ணில் ஏறிப் பார்த்தபோது கடகட முன்பக்கம் இழுவை விழும்போது மட்டும் வந்தது. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, லாக்கில் போட்டு, டயரைக் கையால் சுற்றினோம். இடது பக்கம் உள்ளே ஆக்ஸில் ஷாஃப்டும் சேர்ந்து திரும்பியது. வலது பக்கம் கொஞ்சம் பிடித்து, 'கடக்' என்று விட்டுவிட்டது. ஹப்பின் மூடியைத் திறந்தால் கெட்டி கிரீஸ் வாய்வரை. உள்ளே வழுக்கிப் போய்ப் பல்லில் விழ வேண்டிய வளையம் அந்தக் கிரீஸில் புதைந்து பாதி வழியில் நிற்கிறது. பாதி பல்லில் இழுத்ததில் ஓரம் லேசாக மழுங்கியிருந்தது, தூக்கிப் போடும் அளவுக்கு இல்லை. முழுக்கக் கழுவி, லேசாக ஒரு பூச்சு மட்டும் தடவி மூடினேன். கிரீஸ் என்பது எங்கும் அள்ளி அப்பும் சாமான் இல்லை என்று அந்த ஹப்பைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மிச்சம் 'ஊங்'. மூன்று வாரம் என்னை ஆட்டி வைத்தது இதுதான்.

ஆயில் குறைந்திருந்த பின் டிஃபரன்ஷியல் மேல் முதலிலிருந்தே எனக்குச் சந்தேகம். ஆனால் நோட்டு வேறு மாதிரி சொன்னது. நியூட்ரலில் உருளவிட்டாலும் கேட்கிறது. இன்ஜினும் கிளட்சும் வெளியே. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஒரே சுருதி, ஒரே அளவு. கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் பாரம் மாறும்போது ராகம் மாறும். பல்லின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குப் பாரம் போகும் இல்லையா. ஹப் ஃப்ரீயிலும் கேட்கிறது. முன் டிஃபரன்ஷியல் வெளியே. மிஞ்சியது டயரும் சக்கர பேரிங்கும். தடித்த பட்டன் டயர்கள் பேரிங் மாதிரியே பாடும், ஆனால் தார் ரோட்டிலிருந்து மண் ரோட்டுக்கு இறங்கினால் குரல் மாறும். இது மாறவில்லை. இருந்தாலும் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஓட்டினோம். ஒன்றும் நகரவில்லை. ஆகவே பேரிங்.

எந்தப் பேரிங்? ஆளில்லாத அகலமான ரோட்டில் ஐம்பதில் போய்க்கொண்டே ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஒடித்தேன். இடது பக்கம் ஒடித்தால் ஊங் கூடுகிறது. வலது பக்கம் ஒடித்தால் கிட்டத்தட்ட அடங்குகிறது. "இடது முன் சக்கரம் மாமா. எனக்கு நல்லா கேக்குது" என்றான், அவன் உட்கார்ந்திருந்ததும் இடது பக்கம்தான். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

ஒரு ஞாயிறு முழுக்க இடது ஹப்பைக் கழற்றினேன். பேரிங் இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. ஒரு கீறல் இல்லை. கழற்றியது கழற்றியாகிவிட்டது என்று புது கிரீஸும் புது சீலும் போட்டு மூடினேன். ஓட்டினால் அதே ஊங்.

ராத்திரி நோட்டைப் புரட்டும்போது அவன் கையெழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது: 'இடது பக்கம் திரும்பினால் கூடுது.' இடது பக்கம் திரும்பும்போது வண்டி வலது பக்கம் சாய்கிறது. பாரம் வலது சக்கரத்தில். நெரிபடுகிற பேரிங்தான் கத்தும். தெரிந்த விஷயம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற எவருக்கும் உடம்பால் தெரிந்த விஷயம். காது இடது என்றதும் புத்தி விலகி நின்றுவிட்டது.

மறுவாரம் வலது முன் சக்கரத்தைத் தூக்கினோம். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மிக லேசாக ஒரு ஆட்டம். பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன், ஆட்டம் போனது. பிரேக் மிதித்தால் ஹப்பும் ஸ்டப் ஆக்ஸிலும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆகவே போன ஆட்டம் பேரிங்குடையது. மிதித்த பிறகும் ஆடினால், சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங் பின்னைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு கையை ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். காதுக்கு எதுவும் கேட்கவில்லை. கைக்குக் கேட்டது: மணலைத் துணியில் முடிந்து உருட்டுகிற மாதிரி ஒரு நறநற. சந்தேகத்துக்கு இடது பக்கமும் போய் அதையே செய்தோம். அங்கே ஸ்பிரிங் செத்த இரும்பாகக் கிடந்தது. இந்த இரண்டு நிமிடச் சோதனையை முன்னாலேயே செய்திருந்தால் எனக்கு ஒரு ஞாயிறு மிச்சம்.

உள் பேரிங்கின் கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. எப்போதோ ஆழமான தண்ணீரில் இறங்கியிருக்கிறது, சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. வெளி வளையத்தின் உள்பரப்பில் ஒரு அரிசி நீளத்துக்கு உலோகம் பொரிந்து பெயர்ந்திருந்தது. அவ்வளவு சின்ன இடம்தான் அந்த ஊங்.

புது பேரிங் போடும்போது ஹப்பில் இருக்கும் வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புது உருளை ஓடினால் அதுவும் சீக்கிரம் பொரியும். பித்தளைத் தண்டை வைத்து வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினேன். இறங்கிக்கொண்டிருக்கும்வரை 'டங் டங்' என்று கேட்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் ஒரே அடியில் குரல் மாறி 'டொம்' என்று கட்டையாகும். அந்த 'டொம்' நாலு பக்கமும் கேட்டால்தான் நேராக உட்கார்ந்திருக்கிறது. சத்தத்தைத் துரத்திக்கொண்டிருந்த ஒரு மாதத்தில் எனக்கு உதவிய ஒரே சத்தம் அது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து பேரிங்கை அதில் குத்திக் குத்தி, உருளைகளுக்கு நடுவில் மறுபக்கம் பிதுங்கும்வரை நிரப்பினேன். ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, தளர்த்தி, மறுபடி கையேட்டில் சொன்ன அளவுக்குப் பிடித்து, பூட்டு வாஷரை மடித்து, வெளி நட்டைப் போட்டேன். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன். அதிகமாக இறுக்கியிருந்தால் ஒரு பக்கம் கை வைக்க முடியாமல் சுடும். இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடு. 200 கிலோமீட்டர் கழித்து மறுபடி தூக்கி ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை.

ஊங் நின்ற அன்று ஐம்பத்தைந்தில் போகும்போது பையன் தலையைச் சாய்த்தான். "மாமா, ஆக்ஸிலரேட்டரை விடுங்க. இப்ப மிதிங்க. மறுபடி விடுங்க." விட்டால் மட்டும், பின்னாலிருந்து, நூல் மாதிரி மெல்லிய ஒரு 'ஈங்'. இத்தனை நாள் ஊங்குக்கு அடியில் ஒளிந்திருந்திருக்கிறது. மிதித்தால் இல்லை, விட்டால் இருக்கிறது. பினியன் பேரிங்காக இருக்கலாம். வீட்டுக்கு வந்து ஷாஃப்டைக் கழற்றி, பினியன் ஃப்ளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும் உள்ளும் புறமும் இழுத்துப் பார்த்தேன். ஆட்டம் எதுவும் இல்லை. காந்தத்தில் மை மட்டும். பினியன் வேலைக்கு அளவுக் கருவிகளும் பொறுமையும் வேண்டும். ஆட்டமில்லாத டிஃபரன்ஷியலைச் சந்தேகத்தின் பேரில் பிரிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

நோட்டில் ஏழாவது வரி: 'ஈங். விட்டால் மட்டும், 55 முதல் 65 வரை. மிதித்தால் இல்லை.' பக்கத்தில் அன்றைய ஓடோமீட்டர் எண். 1,000 கிலோமீட்டர் கழித்துக் காந்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். ரேடியோவை இன்னும் பிரிக்கவில்லை.